படுத்தவனுக்கு வெட்டிய பாத்தி

எனிட் ஹெப்பிள் தண்டு நெடுகக் காய்க்கும் குட்டிக்கோசுச் செடிகளின் அடியிலைகளை ஒடித்துக்கொண்டிருந்தாள். பழுத்த இலையைக் கீழ்நோக்கி ஓர் அழுத்து அழுத்தினால் தண்டைவிட்டு டக்கென்று வந்துவிடும். கையுறை போட்டால் இலை எங்கே ஒட்டியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. அதனால் டிசம்பர் குளிரிலும் வெறுங்கைதான். விரல் விறைத்தால் அக்குளில் செருகிக்கொள்வாள். சூடு ஏறியதும் மறுபடி ஒடிப்பாள்.

சாம்பல் கொட்டிய நடைபாதையில் யாரோ தயங்கித் தயங்கி வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ரேமண்ட் ஸ்டோபர்ட்டின் மகள் லின்.

"ஆன்ட்டி, அப்பாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"விழுந்தாருன்னு கேள்விப்பட்டேன். எந்தப் பக்க இடுப்பு?"

"இடது. புது மூட்டு வச்சிருக்காங்க."

"சரி." எனிட் அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

லின் போகவில்லை. கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். "கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எல்லாத் துண்டையும் வந்து பாக்குறாங்களாம். அப்பாவோடது அப்படியே கெடக்கு. நீங்கதானே தொட்டிக் கூட்டாளி. படுத்தவனுக்கு வெட்டுறதுன்னு ஒண்ணு இருக்காமே."

"அவர் கேக்கச் சொன்னாரா?"

"இல்ல. 'அவகிட்ட போகாத'ன்னாரு. ஏன்னு கேட்டா டிவி சத்தத்தைக் கூட்டிட்டாரு."

எனிட்டுக்குச் சிரிப்பு வந்தது. அதை இலையோடு சேர்த்து வாளியில் போட்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

லின் வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு விவரம் தெரியாது. ஈஸ்ட் ஹாலம் தோட்டத்தில் மண் கிண்டும் மற்ற எல்லோருக்கும் தெரியும். தோட்டச் சங்கம் ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு துண்டாகக் குத்தகைக்கு விட்ட நிலம் அது. அங்கே ஒவ்வொரு இரண்டு துண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியைப் பகிர்ந்துகொள்ளும் இருவர் தொட்டிக் கூட்டாளிகள். ஒருவன் நோயில் படுத்தால் மற்றவன் அவன் நிலத்தை வெட்டிப் போடவேண்டும். முக்கால் பங்கு நிலம் வெட்டியோ நட்டோ இருக்காவிட்டால் சங்கம் எடுத்துக்கொள்ளும் என்பது சங்கத்தின் விதி. படுத்தவன் நிலம் வெட்டாமல் கிடக்காது என்பது ஊரின் விதி. ஊர் ஆண்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய காலத்தில் அடிபட்டவனை விட்டுவிட்டு மேலே வரக்கூடாது என்று ஒன்று இருந்ததே, அதிலிருந்து வந்த வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை, ஒருவனைத் தவிர.

எனிட் பிறந்ததும் கல்யாணம் பண்ணியதும் அந்த ஊரின் ஒரே தெருவில்தான். பள்ளி முடிந்ததும் சுரங்கத்துக் கேன்டீனில் தட்டு கழுவினாள். பிறகு ஆஸ்பத்திரியில் உதவியாளர் பயிற்சி எடுத்தாள். முடியாதவர்களை வீடு தேடிப்போய்க் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது என்று தலை நரைக்கும்வரை அதே வேலை. டர்ஹம் பக்கத்துக் கிழவர்களின் முதுகில் கரித்தூள் நுழைந்த காயங்கள் நீல நீலமாக ஓடும். அந்த முதுகுகளில் பாதியை அவள் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். பிடிக்காத ஆள் என்பதற்காக ஒரு முதுகையும் அரைகுறையாகத் தேய்த்ததில்லை. அன்பெல்லாம் இல்லை. அரைகுறையாகத் தேய்த்தால் புண் வரும், அவ்வளவுதான்.

சுரங்கத் தொழிலாளியான அவள் புருஷன் வில்ஃபுக்கு லீக் பைத்தியம். வெங்காய இனத்தில் வெள்ளைத் தண்டாகப் பருக்கிற காய் லீக். அந்த ஊர் ஆண்களுக்கு அது காய் இல்லை, மானம். செப்டம்பரில் கிளப்பில் போட்டி நடக்கும். மேசை மேல் கறுப்புத் துணி விரித்து மூன்று மூன்றாக அடுக்கி வைப்பார்கள். தொடை பருமனில், குளிப்பாட்டித் துடைத்த குழந்தைகள் மாதிரி இருக்கும். வில்ஃப் எத்தனையோ வருஷம் அந்தப் போட்டியில் முதல் ஆளாக வந்தான். காரணம் மண். மற்ற காய்கறியை வருஷா வருஷம் இடம் மாற்றி நடுவார்கள், லீக் பாத்தியை மட்டும் மாற்றமாட்டார்கள். ஒரே பாத்திக்கு வாழ்நாள் முழுக்கத் தீனி போடுவார்கள். புறா எச்சம், புகைக்கூண்டுக் கரி, கடற்கரையிலிருந்து மூட்டையில் சுமந்துவந்த பாசி, கசாப்புக் கடையில் காயவைத்த ரத்தம் எல்லாம் வில்ஃப் போட்டான். அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் கிறிஸ்துமஸ் கேக் மாதிரி கறுப்பாக உதிரும். எனிட்டையே மிதிக்க விடமாட்டான், பலகை போட்டு நடக்கச் சொல்வான்.

அவனுக்கு நெஞ்சில் கரித்தூள் முற்றிய குளிர்காலத்தில் எனிட் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் அவனைப் புரட்டவேண்டும். தலையணையை அடுக்கி நிமிர்த்தி வைத்தால்தான் மூச்சு வரும். தோட்டத்தைப் பற்றி நினைக்கவும் நேரமில்லை, அவசியமும் இல்லை. தொட்டிக் கூட்டாளி ரேமண்ட் இருக்கிறான். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ரேமண்ட் சங்கத்தின் செயலாளர் வேறு.

ரேமண்ட் வெட்டவில்லை. சோதனை நாளில் அவனே முன்னால் நடந்து வந்து, களை மண்டிய துண்டைக் காட்டி, வெட்டப்படாத நிலம் என்று மற்றவர்களைத் தலையாட்டவைத்தான். லீக் பாத்தி இருந்த பாதி, பக்கத்துத் துண்டுக்காரன் என்ற முறையில் அவனுக்கே போனது, மறுபாதி எனிட்டுக்கு மிஞ்சியது. இன்னொருவன் தனக்கும் அதையே செய்துவிடக்கூடாது என்று, இனிமேல் எடுக்கும் நிலம் வெளியில் காத்திருப்பவர்களுக்குத்தான் போகும் என்று அடுத்த கூட்டத்திலேயே விதியையும் மாற்றிவிட்டான்.

எனிட்டுக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். அடக்கம் முடிந்து கிளப்பில் தேநீரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் கொடுத்தபோது ரேமண்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "பாதித் துண்டை நான் பாத்துக்கிறேன் எனிட். உனக்கு ஒத்த ஆளா அது பெருசு" என்றான். அவள் அதை உபகாரம் என்று நினைத்து நன்றி சொன்னாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நிலம் போனதைக்கூட அவள் ஒருவேளை விழுங்கியிருப்பாள். அந்த நன்றியைத்தான் விழுங்க முடியவில்லை. பல் தேய்க்கும்போது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது, எந்த நேரத்திலும் அது மேலே வந்துவிடும்.

அடுத்த செப்டம்பரில் வில்ஃபின் மண்ணில் வளர்ந்த மூன்று லீக்கை வைத்து ரேமண்ட் முதல் பரிசு வாங்கினான். நெம்புகோலை இழுத்தால் சாய்ந்துகொண்டு கால் தூக்கும் பெரிய தோல் நாற்காலி. நாலு பேர் தூக்கிப் போனார்கள்.

பழிவாங்க எனிட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. போட்டிக்கு முந்தின வாரம் சவரக் கத்தியால் லீக்கைக் கிழித்துவிட்டுப் போகும் ஆட்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. உப்புக் கரைத்து ஊற்றுவார்கள். களைக்கொல்லியைத் தொட்டியில் கலப்பார்கள். ஒவ்வொன்றையும் அவள் ஆசையாக யோசித்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள். எதைச் செய்தாலும் வில்ஃபின் மண் அல்லவா கெடும். அதனால் காத்திருந்தாள்.

இப்போது லின் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். வெட்டமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரேமண்ட் செய்ததையே ரேமண்டுக்குத் திருப்பிச் செய்யலாம். அன்று எனிட் ஒரு வாளி கோசை வழக்கத்தைவிட வேகமாகப் பறித்தாள்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. சங்கத்தின் பொருளாளர் ஆல்ஃப், புறா வளர்க்கிற கிழவர், எச்ச மூட்டையை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஸ்டோபர்ட் பொண்ணு வந்துச்சா, கண்ணு?"

"வந்துச்சு."

"வெட்டப் போறியா?"

"நீங்களா இருந்தா வெட்டுவீங்களா?"

ஆல்ஃப் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வெட்டாட்டி நிலம் போயிரும். அது சரி. யாருக்குப் போகும்னு யோசிச்சியா? பட்டியல்ல முதல்ல இருக்கிறது புது வீட்டுக்காரப் புருஷன் பொண்டாட்டி. பலகை அடிச்சுத் தரை போட்டு, அதுமேல உக்காந்து ஒயின் குடிக்கப் போறாங்களாம். பாப்பாவுக்குக் குதிக்கிற வலை ஒண்ணு."

"எங்க?"

"சமமா இருக்கிற எடத்துலதான். லீக் பாத்தி மேல."

எனிட் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"தப்பா நினைக்காத. நல்ல பசங்கதான். கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்" என்றார் ஆல்ஃப்.

மறுநாள் எனிட் லின்னுக்குப் போன் போட்டு, வெட்டுகிறேன் என்றாள். குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. லின் அழாத குறை. "ஆன்ட்டி, இன்னொண்ணு கேக்கலாமா? ஆஸ்பத்திரில ஒரு இறுக்கமான காலுறை குடுத்திருக்காங்க. எனக்கு மாட்டவே வரல. அவர் கத்துறாரு."

"நானே வந்து மாட்டுறேன்" என்றாள் எனிட்.

ரேமண்ட் பரிசு நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். கால் மேலே, வயிறு நடுவில், கையில் தேநீர். எனிட்டைப் பார்த்ததும் டிவியைப் பார்த்தான்.

எனிட் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியைச் சுற்றி வந்தாள். உட்காரும் இடத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தாள், முழங்கால் உயரத்தைப் பார்த்தாள். "இதுல யாரு உக்காரச் சொன்னது?"

"என் நாற்காலி. நான் உக்காருவேன்."

"இடுப்பைவிட முழங்கால் மேல இருக்கு. இப்படி இன்னும் நாலு நாள் உக்காந்தா புது மூட்டு கழண்டு வெளிய வரும். மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி கத்தி. ஆஸ்பத்திரில சொன்னாங்களா இல்லையா?"

"தாழ்வான நாற்காலி கூடாதுன்னாங்க" என்றாள் லின். "இது இவ்ளோ பெருசா இருக்கே, அதனால பரவாயில்லன்னு நினைச்சேன்."

"பெருசா இருந்தா உசரம்னு அர்த்தமா? சமையலறையில கட்டை நாற்காலி இருக்குமே, அதை எடுத்துட்டு வா. இதை ஜன்னலோரம் தள்ளு."

"வேணும்னே பண்றா" என்றான் ரேமண்ட்.

"ஆமா. ஆனா நான் சொல்றது நெசம். வேணும்னா நர்ஸுக்குப் போன் போட்டுக் கேளு."

லின் போட்டுக் கேட்டாள். நர்ஸும் அதையேதான் சொன்னாள். ரேமண்ட் கைத்தடியை ஊன்றி முனகிக்கொண்டே கட்டை நாற்காலிக்கு மாறினான். அதில் உட்கார்ந்ததும் பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு உட்காரவைத்த பையன் மாதிரி ஆகிவிட்டான். எனிட் முழங்காலிட்டு, காலுறையைக் குதிகால்வரை உள்ளே மடித்து, பாதத்தில் நுழைத்து, ஒரு சுருக்கமும் இல்லாமல் மேலே ஏற்றினாள். கத்துவதற்கு அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

வீடு திரும்பும்போது அவளுக்கு நடையில் ஒரு துள்ளல். நாற்காலி விஷயம் ஒரு பருக்கைதான், பசி அப்படியே இருந்தது. வில்ஃபின் பாத்தியை அவன் பெயரில் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதை நினைத்தால் நெஞ்சு எரிந்தது. தோட்டத்து வாசலில் ஆல்ஃபின் தள்ளுவண்டி நின்றது. எச்ச மூட்டையை இறக்கிவிட்டுக் காலியாக நின்றது. எனிட் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நிலம் சங்கத்துடையது. அளந்து, முளை அடித்து, கயிறு கட்டியிருக்கிறார்கள். அது நகராது. மண் நகரும்.

அடுத்த நாள் வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தாள். ரேமண்ட் பாத்தியைப் பழைய கம்பளத்தால் மூடி வைத்திருந்தான், அதனால் உறையவில்லை. கம்பளத்தைச் சுருட்டினாள். ஓர் ஓரத்திலிருந்து பட்டை பட்டையாக, இரண்டு மண்வெட்டி ஆழத்துக்குக் கறுப்பு மண்ணை எடுத்துத் தன் தள்ளுவண்டியில் நிரப்பினாள். கயிற்றைத் தாண்டித் தன் பக்கம் தள்ளிப்போனாள். அங்கே அதே அகலத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தாள். அதில் கிடந்த மஞ்சள் களிமண் பாத்திரம் வனையத்தான் லாயக்கு. கறுப்பு மண்ணைப் பள்ளத்தில் கொட்டினாள். களிமண்ணை வண்டியில் போட்டு ரேமண்டின் பாத்தியில் கவிழ்த்தாள். வெட்டுவதும் ஆயிற்று, நிரப்புவதும் ஆயிற்று.

எழுபதைத் தாண்டிய உடம்பு. ஆனால் எண்பது கிலோ ஆண்களைப் புரட்டிப் பழகிய முதுகு. முழங்காலை மடக்கு, வயிற்றை இறுக்கு, முதுகை வளைக்காதே. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை மண்ணுக்கும் செய்தாள். ஒளிந்து செய்யவில்லை. பட்டப்பகலில், எல்லோரும் போய்வருகிற பாதைக்குப் பக்கத்தில் செய்தாள்.

மூன்றாம் நாள் ஆல்ஃப் வேலியில் சாய்ந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"வண்டி போகும்போதும் ரொம்பிப் போகுது, வரும்போதும் ரொம்பி வருதே, கண்ணு."

"காலியா வந்தா பெட்ரோல் தண்டம்."

"யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"படுத்தவனுக்கு வெட்டுறாள்னு சொல்லுங்க. நீங்க பாக்கலையா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இவ்ளோ நல்லா வெட்டி நான் பாத்ததே இல்ல." ஆல்ஃப் போய்த் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்று மாலைவரை இரண்டு வண்டிகள் ஓடின. பக்கத்து வரிசைக்காரர்கள் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஒருவன்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. வில்ஃப் படுத்திருந்தபோது சோதனைக்கு வந்து தலையாட்டியவர்களுக்கும் அந்த நிலம் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பாத்தியின் கடைசி முனையில் வேலை நின்றது. பழைய ஜன்னல் கண்ணாடிக்கு அடியில் மூன்று லீக்குகள் நின்றன. தாய் லீக்குகள். போட்டியில் ஜெயித்ததைத் தின்னமாட்டார்கள், திரும்ப மண்ணில் நட்டுக் குளிர்காலம் முழுக்கக் காப்பாற்றுவார்கள். கோடையில் அது தலையில் பூவுருண்டை விடும். பூவை மழித்துவிட்டால் அதே இடத்தில் புல் மாதிரி குட்டி நாற்றுகள் முளைக்கும். ஒவ்வொன்றும் தாயை அப்படியே உரித்து வைத்திருக்கும். தாய் யாரிடமோ வம்சம் அவரிடம். இந்த வம்சம் வில்ஃபின் அப்பா வளர்த்தது. அகலமான நீலப்பச்சை இலை, வாரி வகிடெடுத்த தலைமுடி மாதிரி இரண்டு பக்கமும் சீராக விழும். எனிட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்த உடனே அடையாளம் கண்டாள். வில்ஃப் படுத்திருந்தபோது இந்தப் பாத்தியில் நின்றவை அழுகிப் போயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அவற்றைச் சுற்றிலும் மட்டும் கறுப்பு மண்ணைத் தீவு மாதிரி விட்டுவிட்டாள். என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. களிமண்ணின் மேல் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பு மண்ணைத் தூவி, வாரியால் இழுத்துச் சமப்படுத்தினாள்.

ஞாயிறன்று ஆல்ஃபும் இன்னொரு சங்கத்துக்காரரும் வந்தார்கள். ரேமண்டின் பாத்தியில் ஆல்ஃப் பூட்ஸ் நுனியால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. பூட்ஸாலேயே அதை மூடினார். "வெட்டியாச்சு" என்றார். "நல்லாவே வெட்டியாச்சு" என்றார் மற்றவர். இருவரும் அடுத்த துண்டுக்குப் போனார்கள்.

அன்று மாலை காலுறை மாற்றும் முறை. எனிட் போனபோது ரேமண்டுக்கு விஷயம் வந்து சேர்ந்திருந்தது. கட்டை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். லின்னைக் கடைக்கு அனுப்பிவிட்டிருந்தான்.

"என் மண்ணை எடுத்துட்ட."

எனிட் கோட்டைக் கழற்றி மாட்டினாள். ஜன்னலோரத்துத் தோல் நாற்காலியில் போய் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்தாள். கால் எழும்பியது. சொகுசாகத்தான் இருந்தது. "படுத்தவனுக்கு வெட்டினேன். எத்தனை ஆழம் வெட்டணும்னு யாரும் சொல்லலையே."

"திருட்டு இது. கூட்டத்துல எழுப்புவேன்."

"எழுப்பு. மண்ணு யாருதுன்னு கேப்பாங்க. அந்தப் பாத்தி உன் கைக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் முன் வரிசையில உக்காந்து கேட்டுக்கிறேன்."

டிவி அணைந்திருந்தது. ரேமண்ட் கைத்தடியின் ரப்பர் நுனியைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"வில்ஃப் செத்த வாரம் நீ எங்க இருந்த, ரேமண்ட்?"

ரேமண்ட் தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தான். பிறகு, "தொட்டிக்கிட்ட நின்னேன்" என்றான். "மண்வெட்டி கையில இருந்துச்சு. ரெண்டு நாள் போய் நின்னேன். வெட்டல."

"ஏன்?"

"ஒரு வருஷம், எனிட். ஒரே ஒரு வருஷம் நான் ஜெயிக்கணும்னு நினைச்சேன். அவன் மண்ணைப் பாத்துப் பாத்துச் சின்ன வயசுலேர்ந்து வயிறு எரிஞ்சிருக்கேன்."

"ஜெயிச்சியே."

"ஜெயிச்சேன்." ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்தான், அதில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். "கிளப்புல கை தட்டுனாங்க. எவனும் எனக்கு ஒரு பியர் வாங்கித் தரல."

எனிட்டுக்கு அது தேன் மாதிரி இறங்கியது. இன்னும் சொல்வானா என்று காத்திருந்தாள்.

"மண்ணை வச்சுக்கோ" என்றான் ரேமண்ட். "அந்த மூணு தாயை மட்டும் விட்டுரு. மண்ணை நான் மறுபடி சேத்துக்குவேன். அது போச்சுன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல. நான்தானே அதுகளைக் காப்பாத்துனேன். கண்ணாடி போட்டு, வைக்கோல் போட்டு. நான் இல்லாட்டி உன் புருஷன் வம்சம் அந்தக் குளிர்லயே அழுகியிருக்கும். இல்லேன்னு சொல்லு பாப்போம்."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல். திருடியவன் பொருளை நன்றாகத் துடைத்து வைத்திருந்தான். அதற்கும் ஒரு நன்றி சொல்லவேண்டுமா? ஒரு தரம் சொன்னது போதாதா?

நெம்புகோலைத் தள்ளிக் காலை இறக்கினாள். முழங்காலிட்டுக் காலுறையை மாட்டினாள். குதிகாலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. "ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்காத. காலுக்கு நடுவுல தலகாணி வை" என்றாள். வாசல்வரை போனவளை ரேமண்ட் கூப்பிட்டான்.

"எனிட். மூணையும் விட்டுருவியா?"

"மூணு லீக் நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் போய், ரப்பர் பட்டை போட்ட மூன்று லீக்கு வாங்கினாள். வேரை ஒட்ட நறுக்கி, இலையைப் பாதியில் வெட்டி, சூப்புக்குத் தயாராக வைத்திருந்த ஒல்லி லீக்குகள். தோட்டத்தில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். தாய் லீக் ஒவ்வொன்றையும் சுற்றிலும் அகலமாக வெட்டி, மண்ணோடு சேர்த்து, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். தன் பக்கத்துக் கறுப்பு மண்ணில் இறக்கினாள். வைக்கோல் போட்டாள், பழைய போர்வையால் மூடினாள். மிச்சம் இருந்த கறுப்புத் தீவையும் வாரி வண்டியில் போட்டு எடுத்து வந்தாள்.

பிறகு ரேமண்டின் களிமண்ணில் மூன்று குழி போட்டு, கடை லீக்கு மூன்றையும் நட்டாள். ரப்பர் பட்டையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். குதிகாலால் மண்ணை இறுக்கி, கண்ணாடியைத் திரும்ப மேலே வைத்தாள். யாரையும் ஏமாற்ற அதைச் செய்யவில்லை. நடக்க முடிகிற முதல் நாளே ரேமண்ட் தடியை ஊன்றி வருவான், ஒரே பார்வையில் தெரிந்துகொள்வான். அங்கே நின்று பார்க்கட்டும். யாரிடம் போய்ச் சொல்வான்?

பாதையில் ஆல்ஃப் போனார். கண்ணாடிக்கு அடியில் பார்த்தார், எனிட்டைப் பார்த்தார்.

"அது என்ன ரகம், கண்ணு?"

"சூப்பு ரகம்."

ஆல்ஃப் தோள் குலுங்க நடந்துபோனார்.

எனிட் தொட்டியின் மேல் படிந்த பனிக்கட்டியை முழங்கையால் உடைத்தாள். நகக்கண்ணில் ஒட்டிய மண் போகும்வரை கையைத் தேய்த்துக் கழுவினாள். குட்டிக்கோசு ஒரு தண்டை அடியோடு வெட்டி, லின்னுக்காக ஒரு தாளில் சுற்றினாள், பிள்ளை பாவம். பிறகு பூட்ஸைத் தட்டிவிட்டு, குளிருக்கு இறுக்கமாக இழுத்துக் கட்டிய தலைத்துணியோடு வீட்டுக்குப் போய், சூடாக ஒரு தேநீர் போட்டு நின்றபடியே குடித்தாள்.